ஓடும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது?



மழைக்கால நோய்களைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழில் வரும். கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதியவர் ஒரு தாய். யுத்தத்தில் ஷெல் துண்டு பட்டு ஒரு கையைச் சரியாகப் பாவிக்க முடியாதவர். கணவரும் இல்லை. கோழி வளர்த்தும் கச்சான் வறுத்து விற்றும் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். அவருடைய அம்மம்மா இங்கே டிக்கோயாவில் கொழுந்து எடுத்தவராம். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர்கள். அந்த உரிமையில்தான் எனக்கு எழுதியிருக்கிறார்.

"ரீச்சர், என்ர மூத்தவளுக்கு 14 வயது. 3000 மீற்றர் ஓடுறாள். வலயத்தில ரெண்டாவதா வந்தவள். கடைசி ரெண்டு சுற்றிலயும் கண் இருட்டுது எண்டு சொல்லுறாள். புரத மா டின் ஒண்டு வாங்கிக் குடுத்தால் மாகாணத்தில வெல்லுவாள் எண்டு தெரிஞ்ச ஒருத்தர் சொல்லுறார். என்னட்ட மிச்சம் இருக்கிறது ஒரு சோடித் தோடுதான். அதை அடகு வைக்கட்டோ?"

தோட்டை அடகு வைக்க வேண்டாம் என்று உடனேயே தபாலில் பதில் போட்டுவிட்டேன். ஆனால் இதே கேள்வியோடு எத்தனை தாய்மார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 31 வருடங்கள் இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். ஓடுகிற பிள்ளைகளையும், அவர்கள் எதைச் சாப்பிட்டுவிட்டு ஓட வருகிறார்கள் என்பதையும் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். அதனால் இம்முறை பக்கம் முழுவதும் அதற்கே.

முதலில் டின் விடயத்தை முடித்துவிடுவோம். அந்த மாவில் ஒரு கரண்டி போட்டுக் கரைத்தால் ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் புரதம் கிடைக்கும். நாலு கோழி முட்டையில் அதே அளவு இருக்கிறது. 100 கிராம் மைசூர்ப் பருப்பிலும் அதே அளவுதான். நெத்தலிக் கருவாடு என்றால் 40 கிராம் போதும். 100 கிராம் கச்சானிலும் 25 கிராம் இருக்கிறது. கடிதம் எழுதிய சகோதரி முட்டையையும் கச்சானையும் விற்று, போதாததற்குத் தோட்டையும் வைத்து, அதே புரதத்தைப் பல மடங்கு விலைக்கு வாங்கப் பார்க்கிறார். வீட்டுக் கூட்டில் இடுகிற முட்டையில் தினம் ஒன்றையாவது மகளுக்கென்று ஒதுக்கி வைத்தால் போதும்.

டின்னில் இன்னொரு பயமும் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உதவியோடு 2000, 2001 ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் ஒரு பரிசோதனை நடந்தது. 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்தார்கள். அவற்றில் 94 இல், மேலே ஒட்டிய தாளில் எழுதப்படாத ஹோர்மோன் பொருட்கள் கலந்திருந்தன. விளையாட்டு விதிப்படி சிறுநீர்ச் சோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் அகப்பட்டால், தெரியாமல் உட்கொண்டேன் என்று சொல்லித் தப்புவது மிகக் கடினம். தாய் தோட்டை வைத்து வாங்கிக் கொடுத்ததாலேயே மகளின் ஓட்டம் தடைப்பட்டு நின்றால் அந்தத் துயரத்தை யார் தாங்குவது?

இனிக் கண் இருட்டுகிற கதைக்கு வருவோம். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் விடிய எழுந்து ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே காசல்ரீ நீர்த்தேக்கத்து வீதிக்கு ஓட வந்தவர்கள். தாய்க்குப் பிரட்டுக்குப் போகிற அவசரம். சுட்ட ரொட்டியைப் பகலுக்குக் கட்டி வைத்துவிடுவார். முதல் நாள் இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்ட வயிறு, காலையில் ஐந்து கிலோமீற்றர் ஓடி, பிறகு பாடசாலையில் இடைவேளை மணி அடிக்கும்வரை காத்திருக்கும். இப்படி இருந்தால் கண் இருட்டாமல் என்ன செய்யும்? 2022 இல் கோதுமை மாவின் விலை ஏறியபோது அந்தக் கட்டி வைத்த ரொட்டியும் பல வீடுகளில் பாதியாகிப் போனது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஓட்டத்துக்கு எரிபொருள் மாச்சத்துத்தான். சோறு, ரொட்டி, பாண், மரவள்ளி, குரக்கன், வாழைப்பழம், சீனி எல்லாம் அதுவே. நாம் சாப்பிடுகிற மாச்சத்தை உடம்பு தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கிறது. நன்றாகச் சாப்பிட்டவருக்கு அந்தச் சேமிப்பு ஒன்றரை மணி நேரம் வேகமாக ஓடுவதற்குக் காணும். 3000 மீற்றரை ஒரு பிள்ளை 11 முதல் 14 நிமிடத்தில் ஓடி முடித்துவிடும். எனவே அந்த 14 நிமிடத்துக்குள் சேமிப்பு தீர்ந்து போவதில்லை. நாள்தோறும் பயிற்சி செய்து, நாள்தோறும் குறைவாகச் சாப்பிடும்போது உண்டியல் நிரம்புவதே இல்லை. அதுதான் வினை. ஓட்டத்தன்று காலையில் குளுக்கோஸ் பக்கற் ஒன்றை வாயில் கொட்டுவதால் அது நிரம்பிவிடாது.

கணக்கை அடுப்படி அளவில் சொல்கிறேன். தினமும் ஒரு மணி நேரம் ஓடுகிற பிள்ளைக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாச்சத்து வேண்டும். 45 கிலோ எடையுள்ள பிள்ளை என்றால் 225 முதல் 315 கிராம். 100 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டியில் சுமார் 75 கிராம் இருக்கிறது. ஒரு தேநீர்க் கோப்பை சோற்றில் 45 கிராம். ஒரு சின்ன வாழைப்பழத்தில் 15 முதல் 20 கிராம். காலையில் ஒரு பெரிய ரொட்டி, பகலில் இரண்டு கோப்பை சோறு, இரவிலும் அதே அளவு, இடையில் இரண்டு பழம் என்று போனால் கணக்கு சரியாகிவிடும். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், அதாவது இந்தப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 55 முதல் 70 கிராம். மாவிலும் அரிசியிலும் கொஞ்சம் புரதம் இருப்பதால், பருப்பும் முட்டையும் கருவாடும் சோயா மீற்றும் மாறிமாறிச் சேர்ந்தாலே நிறைந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு, சோறும் ரொட்டியும் ஏழைச் சாப்பாடு, அதை வைத்து யார் வென்றார்கள் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கென்யாவைப் பாருங்கள். அதுவும் நம்மைப் போல் தேயிலை நாடுதான். உலகில் அதிகம் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று. ஒலிம்பிக் மரதனில் 2016 இலும், பிறகு 2021 இல் நடந்த டோக்கியோப் போட்டியிலும் தங்கம் வென்ற எலியுட் கிப்சோகே பிறந்தது நந்தி மாவட்டத்தில். அங்குள்ள மலைகளில் பார்க்கும் இடமெல்லாம் தேயிலை. கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர் பத்துப் பேர் ஒரு வாரம் சாப்பிட்டதை எடை போட்டு எழுதிய ஆய்வொன்று 2004 இல் வெளிவந்தது. அவர்களுக்குக் கிடைத்த சக்தியில் நூற்றுக்கு 76 பங்கு மாச்சத்திலிருந்து வந்திருந்தது. சோளமாக் களி, சோறு, பாண், கீரை, அவரை, கொஞ்சம் பால், கொஞ்சம் இறைச்சி. டின் எதுவும் இல்லை. குடித்தது தண்ணீரும், பாலும் சீனியும் கலந்த தேநீரும். அந்தத் தேநீரே நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேல்!

தேத்தண்ணி குடித்தால் உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் வெளியே போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பழக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஆவதில்லை. தேத்தண்ணியும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். பால் தேத்தண்ணி என்றால் கொஞ்சம் சாப்பாட்டுக் கணக்கிலும் சேரும். வெறும் சாயத்தைக் குடித்துப் பசியை அடக்குவதுதான் கூடாது.

ஆனால் தேத்தண்ணியில் ஒரு திருட்டுக் குணம் உண்டு. கொழுந்து பறிக்கிற கையை வைத்துக்கொண்டே அதைச் சொல்கிறோம் என்று இங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுவது நம் வழக்கம். மாதவிடாய் வரத் தொடங்கிய பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து ஏற்கெனவே பற்றாது. அதோடு ஓட்டமும் சேர்ந்தால் குருதிச்சோகை சீக்கிரம் வரும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகிற ஒட்சிசன் குறையும். மற்றப் பிள்ளைகள் வேகமெடுக்கிற கடைசிச் சுற்றில் இந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கும், கால் கனக்கும், கண் இருட்டும். பிள்ளை சோம்பேறி என்று திட்டுவார்கள்.

எனவே சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். பருப்பிலும் கீரையிலும் தேசிக்காய் பிழியுங்கள். அதன் புளிப்பு இரும்பைச் சேர்த்துக் கொடுக்கும். முருங்கையிலை, பொன்னாங்காணி, நெத்தலி, கிடைக்கிற அன்றைக்கு ஈரல் எல்லாம் நல்லவை. பூச்சி மருந்தைக் காலத்துக்குக் கொடுங்கள். கொக்கிப்புழு குடலில் இருந்தால் எவ்வளவு ஊட்டியும் அது குடித்துவிடும். அரசாங்க வைத்தியசாலையில் இரத்தம் சோதிக்கலாம். ஹீமோகுளோபின் 12 க்குக் குறைவாக இருந்தால் வைத்தியர் சொல்கிறபடி மாத்திரை எடுக்க வேண்டும். டிக்கோயாவில் 2017 இல் திறந்த புதிய வைத்தியசாலைக் கட்டடம் வந்த பிறகு எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு இதற்காகத் தூரம் போகிற அலைச்சல் குறைந்தது. கிளிநொச்சிச் சகோதரிக்கு நான் எழுதிய முதல் வேலையும் இதுதான்: மகளை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், கண் இருட்டுவதைச் சொல்லுங்கள். கண் இருட்டுவது பெரும்பாலும் பசியாலும் சோகையாலும்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுகிற பிள்ளையை, வைத்தியர் இருதயத்தைச் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை மறுபடி ஓட விடக்கூடாது.

வீட்டில் கைக்குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ கிளினிக்கில் கொடுத்த திரிபோஷாவை எடுத்து ஓடுகிற பிள்ளைக்கு ஊட்டுவதையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அது அவர்களுக்குரியது. ஓடுகிற பிள்ளைக்கு நீங்களே சத்துமா செய்யலாம். குரக்கன், பயறு, கச்சான், எள்ளு, இருப்பதைப் பொறுத்து வறுத்து அரைத்துக் கொள்ளுங்கள். வடக்கில் உங்களிடம் பயத்தம் உருண்டை இருக்கிறது. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் இரண்டு உருண்டையும் ஒரு கோப்பை பாலும் கொடுத்தால் எந்த டின்னும் கிட்ட வராது. பால் இல்லையென்றால் ஒரு முட்டை. ஓட்டத்தன்று காலையில் மட்டும் ஒடியற்கூழ் வேண்டாம். அது போட்டி முடிந்து வந்து, எல்லோரும் சுற்றியிருந்து குடிப்பதற்கு.

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னதைக் கேட்டுச் சோற்றை நிறுத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் பற்றாக்குறை என்று தெரிந்து, தம்பிக்குக் கொடுங்கம்மா என்று தட்டைத் தள்ளி வைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டாவது வகைதான் நம்மிடம் அதிகம். எப்படிக் குறைந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான். வருகிற சக்தி ஓட்டத்துக்கே போய்விட்டால் உடம்பு மற்ற வேலைகளை நிறுத்தத் தொடங்கும். முதலில் நிற்பது மாதவிடாய். தொல்லை விட்டது என்று பிள்ளை சந்தோஷப்படும். தாயும் ஓட்டத்தால்தான் என்று விட்டுவிடுவார். அது உடம்பு அடிக்கிற அபாய மணி. மாதவிடாய் நிற்கும்போது எலும்பு பலம் பெறுவதும் நிற்கிறது. கணைக்கால் எலும்பில் மயிரிழை போல் வெடிப்பு வருவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதிகம். எலும்பு உறுதிப்படுகிற வயதே பதின்ம வயது. அப்போது போனதைப் பின்னால் முழுமையாகத் திருப்பி எடுக்க முடியாது. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றாலும், 15 வயதாகியும் பிள்ளை பெரியவளாகவில்லை என்றாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது வைத்தியரிடம் சொல்லுங்கள். பயிற்றுநர் ஆணாக இருந்தால் பிள்ளை அவரிடம் சொல்லாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. யுத்தத்தைக் கடந்து வந்த பெண்களுக்குப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் சட்டியைச் சுரண்டுவது பழக்கமாகிவிட்டது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன், சிறைச்சாலைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், 72 வயதில், 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். அந்த வயதில் அப்படி ஓடுவதற்கு எலும்பும் இரத்தமும் நன்றாக இருக்க வேண்டும். மகளுக்கு முட்டை அவிக்கும்போது உங்களுக்கும் ஒன்று போடுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். இதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதால் இரண்டு கதைகள் சொல்கிறேன்.

கேரளத்தின் வயநாடும் நம்மைப் போல் மலையும் தேயிலையும் உள்ள இடம். அங்கே வறுமையில் வளர்ந்தவர் ஓ. பி. ஜெய்ஷா. 2015 இல் பெய்ஜிங்கில் மரதன் ஓட்டத்தை 2 மணி 34 நிமிடம் 43 செக்கனில் ஓடி இந்தியச் சாதனை படைத்தவர். மறு வருடம் ஆகஸ்ட் 14 ஆம் திகதி ரியோ ஒலிம்பிக்கில் நல்ல வெயிலில் ஓடினார். 2 மணி 47 நிமிடம் 19 செக்கன் எடுத்து, 89 ஆவதாக எல்லைக் கோட்டைத் தாண்டியதும் விழுந்துவிட்டார். நினைவு தப்பி, மருத்துவ அறையில் சேலைன் ஏற்றினார்கள். வழியில் இந்திய அணியின் மேசைகளில் தனக்குத் தண்ணீரோ குளுக்கோஸோ தர யாரும் இருக்கவில்லை என்று அவர் சொன்னார். அவரும் பயிற்றுநரும் தனியான பானம் வேண்டாம் என்று சொன்னதாக இந்திய மெய்வல்லுநர் சம்மேளனம் சொன்னது. இந்திய அரசாங்கம் விசாரணைக்குக் குழு போட்டது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. 42 கிலோமீற்றர் ஓடுகிற ஒரு பெண்ணின் பானத்தை யார், எந்த இடத்தில், எதில் வைத்திருப்பார்கள் என்பது ஓட்டத்துக்கு முன்பே எழுதி முடிவாகியிருக்க வேண்டும். எங்கள் பாடசாலை மரதனுக்கும் அது பொருந்தும்.

மற்றக் கதை அமெரிக்காவில் நடந்தது. 2002 பொஸ்ரன் மரதனில் 28 வயதுப் பெண்ணொருவர் இறந்தார். தாகத்தால் அல்ல, அளவுக்கு மீறிக் குடித்ததால். அதே ஓட்டத்தில் இரத்தம் கொடுத்த 488 பேரைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்கு உப்பின் அளவு இருக்க வேண்டியதைவிடக் குறைந்திருந்தது. மெதுவாக, பல மணி நேரம் ஓடி, ஒவ்வொரு மேசையிலும் குடித்தவர்களுக்கே இது அதிகம். குடித்த தண்ணீர் இரத்தத்து உப்பைக் கரைத்துவிடும், மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் என்று பார்ப்பதற்கு நீரிழப்புப் போலவே இருக்கும். அதை நம்பி இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

அப்படியானால் எவ்வளவுதான் குடிப்பது? தாகத்துக்குக் குடியுங்கள். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன் இரண்டு கோப்பை. 3000 மீற்றருக்கு நடுவில் எதுவும் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மட்டும், தாகத்தைப் பார்த்து, 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை சில வாய். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு கிலோ குறைந்தால் போனது ஒரு லீற்றர் வியர்வை. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறார். தராசு இல்லாத இடத்தில் சிறுநீரின் நிறம் சொல்லும். தேசிக்காய்த் தண்ணீர் நிறமென்றால் சரி, வெறுந்தேத்தண்ணி நிறமென்றால் போதவில்லை.

நீண்ட பயிற்சிக்கான பானத்தை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர், தட்டையாக நாலு மேசைக்கரண்டி சீனி அல்லது அதே அளவு இடித்த பனங்கட்டி, கால் தேக்கரண்டி உப்பு, பாதித் தேசிக்காய். உப்பைக் கூட்ட வேண்டாம். ஜீவனி வயிற்றோட்டத்துக்குரியது, உப்பு கூடியது, அதைத் தினமும் குடிக்க வேண்டியதில்லை. இளநீர் நல்லது, ஆனால் வியர்வையில் போகிற உப்பு அதில் குறைவு. பீலித் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் தெளிவாக இருக்கிறது என்று கொதிக்க வைக்காமல் போத்தலில் நிரப்பாதீர்கள். போட்டிக்கு முதல் நாள் வயிற்றோட்டம் வந்தால் ஒரு வருடப் பயிற்சி வீண்.

எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. இங்கே பனியில் ஓடும்போது தாகமே தெரியாது. அதே பிள்ளை கொழும்பு சுகததாச மைதானத்துக்குப் போனால் முதல் சுற்றிலேயே உடம்பு கொதிக்கும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போய்த் தேசிய மட்டத்தில் 10000 மீற்றரில் வென்ற குமார் சண்முகேஸ்வரனைப் போன்றவர்களும் கீழ்நாட்டு வெயிலுக்குத் தங்களைப் பழக்கிக்கொள்ள வேண்டியவர்கள்தான். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். முன்கூட்டியே போய்த் தங்க நம்மிடம் வசதி இல்லை. கடைசி இரண்டு வாரம், காலையில் ஓடுவதில் ஒரு பகுதியை மத்தியான வெயிலில் 20, 30 நிமிடம் மெதுவாக ஓட வைப்பேன். தண்ணீர்ப் போத்தலோடு நான் பக்கத்தில் நிற்பேன்.

வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிற உங்களுக்கு அந்த வெயில் வாசலிலேயே இருக்கிறது. 2024 மார்ச் மாதத்தில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் இறந்து போனான். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, பாடசாலை மரதன் காலை ஆறரைக்கு முன் தொடங்க வேண்டும் என்று கூட்டங்களில் சொல்லி வருகிறேன். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தால் நீங்களும் எழுந்து நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? தண்ணீர் எங்கெங்கே இருக்கும்? கடைசியாக வருகிற பிள்ளையின் பின்னால் யார் வருவார்கள்? வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வாகனம் நிற்குமா?

வெயிலில் ஓடுகிற பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழம்பினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது சாதாரணக் களைப்பு அல்ல. உடனே நிழலுக்குத் தூக்கி, உடுப்பைத் தளர்த்தி, தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருவர் வாகனத்துக்கு ஓட, மற்றவர்கள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டிக்குள்ளும் ஊற்றலாம், இருக்கை நனைந்தால் காய்ந்துவிடும்.

மாகாணப் போட்டிக்குப் போகிற பிள்ளையின் பையில் என்ன இருக்க வேண்டும் என்றும் பலர் கேட்பதுண்டு. முதல் நாள் இரவு சோறு, பருப்பு, கொஞ்சம் மீன் அல்லது முட்டை. காரமும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். புதிதாக எதையும் அன்றைக்குப் பழக்கக் கூடாது, விடுதியில் நண்டுக் கறி கொடுத்தாலும் கூட. ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன் ரொட்டியோ பாணோ இடியப்பமோ, பழகிய ஏதாவது ஒன்று, வயிறு முட்டாமல். ஒரு மணி நேரம் முன் ஒரு வாழைப்பழம். பையில் இன்னும் இரண்டு பழம், பொதி கட்டிய சோறு, நாலு பயத்தம் உருண்டை, அவித்த முட்டை ஒன்று, கொதித்தாறிய நீர் ஒன்றரை லீற்றர், சின்னக் கடதாசியில் சுற்றிய சீனியும் உப்பும், ஒரு தேசிக்காய். அடுத்தடுத்த நாள் இரண்டு ஓட்டம் இருந்தால், முதல் ஓட்டம் முடிந்து மூச்சு ஆறியதும் அந்தச் சோற்றுப் பொதியைப் பிரிக்கச் சொல்லுங்கள். பரிசளிப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேத்தண்ணி வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கழித்து.